ஏழு தரம் கழுவிய சட்டி

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் எங்கள் ஊரான விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்த மூன்றாம் வருடம் அது. நோன்பு தொடங்கச் சில நாட்களே இருந்தன. ஒரு சனிக்கிழமை முற்பகல். நாள், கிழமை குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இந்த நாளுக்கு மட்டும் குறிப்பைப் புரட்டத் தேவையில்லை.

என் மனைவி கடலுயிர் ஆராய்ச்சி செய்பவள். பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸைத் தொட்டியில் வளர்க்க முடியுமா, அதற்கு என்ன தீனி கொடுப்பது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அந்தப் பிராணி உயிர் நண்டென்றால் எட்டுக் கையாலும் பாய்ந்து பிடிக்கும். அரைத்துக் கட்டிய தீனியென்றால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடும். நண்டையே போட்டு வளர்ப்பதானால், பேசாமல் நண்டை விற்றுவிடலாமே! ஆகவே மீன் கழிவிலும் நண்டுக் கழிவிலும் தீனி செய்து, அதைத் தின்னப் பழக்க வேண்டும். பல மாதம் தோற்ற பிறகு அப்போதுதான் அவை தின்னத் தொடங்கியிருந்தன. பல்கலைக்கழகம் ஏற்கெனவே ஒருமுறை தவணை நீட்டிக் கொடுத்திருந்தது. இந்த முறையும் குழம்பினால் ஆய்வு அத்தோடு சரி.

தொட்டிகள் இருந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டு வளவில். எங்களைப் போலவே அவர்களும் போரால் நெடுங்காலம் ஊருக்கு வெளியே இருந்துவிட்டு, புத்தளத்திலிருந்து திரும்பியவர்கள். கரையில் மீன் வாங்கி விற்கும் அவரை அண்ணன் முறையில் காக்கா என்போம். அவர் மனைவியை அக்கா முறையில் ராத்தா என்போம். குளிர்பெட்டி அவர்களுடையது. அரைக்கிற மெஷினும் அவர்களுடையது. தீனி காய்ச்சும் பெரிய சட்டி ராத்தாவுடையது.

"என்ர புருசனுக்குக்கூட நான் இப்பிடிச் சமைச்சதில்ல புள்ள. உன்ர பேய்க்குத்தான் விதம் விதமா ஆக்கிப் போடுறன்" என்பார் ராத்தா.

"அதுகள் உப்புக் காணாதெண்டு குறை சொல்லாதுகள், ராத்தா" என்பாள் இவள்.

தீனி தண்ணீரில் கரையாமல் இறுகி நிற்க ஜெலட்டின் தூள் சேர்ப்பாள். அது கொழும்பிலிருந்து வரும். வழக்கமான பக்கெற்றில் ஹலால் முத்திரை இருக்கும். அதைப் பார்த்துத்தான் காக்கா முதலில் சம்மதித்தார். அந்தத் தடவை கடைக்காரர் வேறொரு பக்கெற்றை அனுப்பியிருந்தார். அவள் அதைச் சட்டிக்குள் கொட்டிய பிறகு, பெயரைக் குறித்து வைக்கலாமென்று வெறும் பக்கெற்றை எடுத்தேன். பின்புறத்தில் ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில், பன்றித் தோலிலிருந்து எடுத்தது என்று இருந்தது. அதை அப்படியே அவளிடம் நீட்டினேன்.

ராத்தா சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஆங்கிலம் வாசிப்பவர் எவருமில்லை. சொன்னால் அந்தப் படலை இனி எங்களுக்குத் திறக்காமல் போகலாம். அவளுடைய ஆய்வு முழுவதும் அந்தப் படலைக்குள்தான் இருந்தது.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ராத்தா, அகப்பையை விடுங்கோ. இதில பன்றி சேர்ந்திருக்கு. நான் வாசிக்காமல் போட்டிட்டன்."

ராத்தா கைகளை உடம்பில் படாமல் விரித்தபடி தள்ளி நின்றார். சத்தம் கேட்டுக் காக்கா வந்தார். நடந்ததை இவளே சொன்னாள்.

"குளிர்பெட்டிக்குள்ள கிடக்கிற தீனி?" என்று கேட்டார்.

"அது பழைய பக்கெற், காக்கா. ஹலால். இதை இப்பதான் உடைச்சது. ஆனால் நீங்கள் சொன்னால் அதையும் கொட்டிப்போட்டு, எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போறம்."

காக்கா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரிய வந்திராது" என்றார்.

"ஓம். எனக்குத் தெரியும்தானே."

ராத்தாதான் அதட்டினார்: "ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நிண்டா? கிடங்கை வெட்டுங்கோ! நோன்பு வருது, எனக்குச் சட்டி வேணும்."

நானும் காக்காவும் கிடங்கு வெட்டி எல்லாவற்றையும் புதைத்தோம். அவர்கள் முறைப்படி சட்டியை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்து. ராத்தா தேய்க்க, இவள் கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஊற்றினாள்.

"இனி எதைப் போட்டு இறுக்கப் போறாய்?" என்று ராத்தா கேட்டார்.

"இனி அந்தத் தூளே வேண்டாம். நோன்பு துறக்கக் காய்ச்ச வாங்கி வைச்ச கடற்பாசியில கொஞ்சம் தாறீங்களோ?"

"அடியேய்! எங்கட நோன்புப் பாசியிலயும் உன்ர பேய் கை வைக்குதோ?" ராத்தா சிரித்துக்கொண்டே உள்ளே போய் எடுத்து வந்தார்.

முதலில் பேய்க்கணவாய்கள் அதைத் தள்ளிவிட்டன. இவள் பாசியைக் குறைத்து, நண்டு அவித்த தண்ணீரைக் கூட்டி, திரும்பத் திரும்பக் காய்ச்சினாள். ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கின. முன்பு போல ஆவலாக இல்லைதான். ஆனால் கோடை வெயிலில் தொட்டித் தண்ணீர் சுட்டபோதும் பாசித் தீனி இளகவில்லை. ஆய்வு முடிந்தது. சேர்மானத்தை இடையில் ஏன் மாற்றினீர்கள் என்று பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். தீனி காய்ச்சிய வீட்டுக்கு அந்தத் தூள் ஆகாது என்று சொன்னாள். அதையே ஆய்விலும் எழுதினாள்.

அந்தச் சட்டி இன்றும் ராத்தாவின் அடுப்பில்தான் இருக்கிறது. நோன்பு நாட்களில் அதிலிருந்து எங்கள் வீட்டுக்கும் கஞ்சி வரும். அதைக் குடிக்கிற ஒவ்வொரு முறையும், எதிரே இருந்து குடிப்பவள் என் மனைவி என்பதில் எனக்குள் ஒரு நிமிர்வு வருகிறது.