சேவியர் வூட்டு கருப்பு ராஸ்பெர்ரி

இன்னைக்குக் காலையில இந்தத் தோட்ட குரூப்ல ஒருத்தர், தொட்டியில காய்ச்ச கருப்பு ராஸ்பெர்ரின்னு போட்டோ போட்டிருக்கார்.

லைக் போடலை. போடவும் மாட்டேன்!

(எனக்குத்தான் வயசாச்சு. பொறாமைக்கு இன்னும் ஆகலை.)

எழுபதுகளோட ஆரம்பம். மெக்கானிக்கல் டிப்ளமா முடிச்ச கையோட காசிமேட்டுல ஒரு ஐஸ் ஃபேக்டரியில கம்ப்ரஸர் ஆபரேட்டர் வேலை. இளவயசு. எவனாவது ஒரு விஷயத்தை ரெண்டு தடவை சொன்னா எனக்குக் கோவம் வந்துடும்.

என் தோஸ்து சேவியருக்கும் அங்கேயேதான் வேலை. நான் உறைய வைக்கிற ஐஸ் பாரை அவன் உடைச்சு, மீன்பிடி போட்டுக்காரங்களுக்கு அள்ளிப் போடணும். சோம்பேறின்னா அப்படி ஒரு சோம்பேறி!

எங்க ராயபுரம் தெருவுல ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு. அவங்கப்பா கப்பல்ல குக்கு. ஒரு தடவை அமெரிக்காவுல இருந்து ஈரச் சாக்குல சுத்தி ரெண்டு முள்ளுச் செடி கொண்டாந்தார்.

"கருப்பு ராஸ்பெர்ரி தம்பி. மெட்ராஸ்ல எவனும் கண்ணால பாத்திருக்க மாட்டான். நீ படிச்சவன், வளத்துக் காட்டு."

எனக்கு ஒண்ணு. சேவியருக்கு ஒண்ணு. (அவன் சும்மா பக்கத்துல நின்னான். அவ்ளோதான் அவன் தகுதி.)

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஈஸ்டருக்கு எங்க தெருவுல வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். ஸ்டெல்லா வீட்டுக்குப் போற தட்டுல என் செடியோட பழம் இருக்கணும். தட்டைக் குடுக்கிற சாக்குல எங்கம்மா பொண்ணு கேட்டுடணும்!

ஆயில் டிரம்மை அறுத்தேன். அடியில டிரில் போட்டுத் தண்ணி வடிய ஓட்டை. செம்மண், மணல், சாணம், கருவாட்டுத் தூள். மேல சாக்குப் பந்தல். தெருவே வந்து வேடிக்கை பாத்துச்சு.

செடி ஆள் உசரத்துக்கு வளந்துச்சு. பழம்? ஒண்ணு கூட இல்லை.

காய்க்காத கம்பு எதுக்குன்னு ஹாக்ஸா பிளேடால அடியோட அறுத்தேன். திரும்பத் துளுத்துச்சு. வருஷம் திரும்பியும் காய்க்கலை. திரும்பவும் அறுத்தேன்.

அடுத்து வந்த ஈஸ்டர் அன்னைக்குச் சாயங்காலம் தெருமுனையில ஸ்டெல்லா. விரல் எல்லாம் ஊதா!

"இன்னா ஸ்டெல்லா, இங்க் கொட்டிக்கினியா?"

"இல்லண்ணா! சேவியர் வூட்டுச் செடி காய்ச்சுகீது. அப்பா இப்பவும் அங்கதான் துன்னுகினுகீறாரு!"

ஊதா விரல் ஒரு அடி. அந்த 'அண்ணா' இன்னொரு அடி. (அவனை மட்டும் வெறும் சேவியர்!)

போனேன். அவன் வீட்டுப் பின்சுவரும் ஃபேக்டரி சுவரும் ஒண்ணு. அந்த மூலையில புதர் மாதிரி மண்டிக் கிடக்கு. கொத்துக் கொத்தாப் பழம். ஸ்டெல்லாவோட அப்பா உள்ளங்கை நிறைய வெச்சுக்கிட்டு கண்ணை மூடி மென்னுக்கிட்டிருக்கார்.

"டேய், இது மல்பெரிடா!"ன்னு கத்தினேன்.

"இருந்துட்டுப் போவுது மாமு. இனிச்சாப் போதாதா?"

"போதாது! மல்பெரி காம்போட வரும். ராஸ்பெர்ரியைப் பறிச்சா நடுத்தண்டு செடியிலேயே நிக்கும், பழம் தொப்பி மாதிரி குழிவா வரும். இப்பப் பாரு!"

எல்லார் முன்னாடியும் நானே பறிச்சேன்.

குழிவா வந்துச்சு. வெள்ளைத் தண்டு செடியில நின்னு என்னையே பாத்துச்சு!

"கம்பை வெட்டலையாடா நீ?"

"முள்ளு குத்துது நைனா. எவன் கிட்ட போறது?"

அப்பதான் உறைச்சுச்சு. போன வருஷம் வளந்த கம்புலதான் இந்த வருஷம் காய்க்கும். நான் அறுத்துப் போட்டது எல்லாம் என் பழத்தை!

"அடியில இன்னாடா இவ்ளோ ஈரம்?"

"மிச்ச ஐஸு. கால்வா வரைக்கும் எவன் தூக்கினு போறது? பனிக்காலம் பூரா செவுத்து மேல இருந்து இங்கயேதான் கொட்னேன்."

குளிர் நாட்டுச் செடி. குளிர் பட்டாத்தான் பூக்கும். மெட்ராஸ்ல அதுக்குக் குளிர் கிடைச்சிருக்கு. அந்தக் குளிரை உற்பத்தி பண்ண ஆபரேட்டர் யாரு? நான்!

ஸ்டெல்லாவோட அப்பா கண்ணைத் திறந்து, சேவியர் தோள்ல கை போட்டார். "பொறுமையான புள்ளப்பா இவன்"னார்.

பொறுமையா? அது சோம்பேறித்தனம் சார்!

அடுத்த மே மாசம் சேவியருக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம். கத்திரி வெயில். ஒரு வாரத்துக்கு முன்னாடியே சேவியர் வந்து நின்னான்.

"மாமு, சர்பத்துக்கு ஐஸு நீதான் போடணும். வேற எவன் போட்டாலும் வெள்ளையாப் பூடும்."

வயிறு எரிஞ்சுது. ஆனா மோசமா ஒரு ஐஸ் போட எனக்குக் கை வராது. தண்ணியைக் காய்ச்சி ஆறவெச்சு, உறையற வரைக்கும் தண்ணியை அலைய வைக்கிற காத்துக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நானே நின்னேன். கண்ணாடி மாதிரி பார். உள்ள ஒரு குமிழி இல்லை. என் சர்வீஸ்லயே அந்த மாதிரி ஐஸ் அதுக்கப்புறம் போட்டதில்லை.

பந்தலுக்குக் கொண்டுபோய் இறக்கினேன். வந்த சனம் சுத்தி நின்னு பாத்துச்சு. ஒரு பெரியம்மா டம்ளரைத் தூக்கி வெயில்ல பிடிச்சுப் பாத்துட்டு என்கிட்டயே சொன்னாங்க:

"இன்னா ஐஸுப்பா இது! மாப்ள கைராசியே கைராசி!"

எரியுமா எரியாதா? நீங்களே சொல்லுங்க!