கரையாத மருந்து

எவர்சில்வர் டம்ளரில் மில்லில் அரைத்த சாம்பல் நிறக் கல்மாவைப் போட்டு மேஸ்திரி விரலால் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்கும்வரை பால் மாதிரி இருக்கும். விரலை எடுத்ததும் மாவு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தார். லேப் ஜன்னல் வழியாகப் பார்த்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

எர்ணாவூரில் ஒரு கல் அரைக்கும் மில். அவர் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி, நான் மாவைச் சோதிப்பவள். என்னை எல்லோரும் லேபம்மா என்பார்கள். ஆந்திராவிலிருந்து லாரியில் வரும் பேரைட்ஸ் கல்லை அரைத்துத் துறைமுகத்துக்கு அனுப்புவோம். பார்க்கச் சின்ன மூட்டைதான், தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். கெமிஸ்ட்ரி படித்த திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. "இந்தக் கல்லு இன்னாத்துக்கு ஒதவுது லேபம்மா? இத்தினி வருசமா சொமக்கிறேன், ஒருத்தனும் சொன்னதில்ல" என்று ஒருநாள் கேட்டார். கேட்டதுதான் தாமதம், பாடம் ஒப்பிப்பதுபோல் அடுக்கினேன்: எண்ணெய்க் கிணறு தோண்ட, பெயின்டில் கலக்க, லாரி பிரேக்கில் சேர்க்க. கடைசியாக ஒரு பெருமைக்கு, "சுத்தம் பண்ணினா, ஆஸ்பத்திரியில வயித்துக்குக் குடுக்கிற மருந்தும் இதுதான் மேஸ்திரி" என்றேன்.

மருந்து. அந்த ஒரு சொல்தான். எக்ஸ்ரேயில் வயிறு தெரிவதற்காகக் குடிக்கக் கொடுப்பதையும் நம் ஆஸ்பத்திரிகளில் மருந்து என்றுதான் சொல்கிறார்கள். அது எதையும் குணப்படுத்தாது. உள்ளே போய் ஒட்டி, படத்தில் வெள்ளையாகத் தெரிந்துவிட்டு, வந்த வழியே வெளியே போய்விடும். இதை நான் சொல்லவில்லை. அவருக்கு வயிற்றில் எரிச்சல் என்பது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். மத்தியானச் சோற்றை அவர் பாதியில் மூடிவைப்பதைப் பலநாள் பார்த்திருக்கிறேன்.

டம்ளரைப் பார்த்த அன்றே தடுத்திருக்கலாம். கரையாத பொருள், ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபீஸில் போய் அதை ஜோக்காகச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "டோஸ் போட்டாச்சா மேஸ்திரி?" என்று தினமும் கேலி வேறு. அவர் வெள்ளந்தியாக, "எரிச்சல் கம்மியாகீது லேபம்மா, உன் புண்ணியம். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு வூட்ல பேஜாரு பண்ணிகினு இருந்தா. வாணான்ட்டேன்" என்பார். அதற்கும் சிரித்தேன்.

மழைக்காலத்தில் தொடங்கியவர் பங்குனி வெயில்வரை குடித்தார். அதற்குள் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. பச்சைத் தண்ணீரும் வயிற்றில் தங்காமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். படம் எடுக்கும் நாளில் அவர் சம்சாரத்தோடு நானும் போனேன். எக்ஸ்ரே அறை ஆள் வெள்ளையாக எதையோ கலக்கிய ஒரு டம்ளரை நீட்டி, "இந்த மருந்தக் கொஞ்சங்கொஞ்சமா குடிங்க" என்றார். மேஸ்திரி வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பரீட்சையில் ஜெயித்த பிள்ளை மாதிரி சிரித்தார்.

"நம்ம சரக்கு தானே லேபம்மா?"

இரைப்பையின் கீழ்வாய் கிட்டத்தட்ட அடைத்திருந்தது. புற்று. ஈரல்வரை போய்விட்டது என்று அடுத்த வாரம் சொன்னார்கள். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது டாக்டர் மேஸ்திரியின் சம்சாரத்தைத்தான் கடிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரியின் காரியத்துக்குப் போயிருந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நல்லதுக்குத்தான் சொன்ன கண்ணு. நான்தான் பாவி. மில்லு மாவு கலீஜு. ஆஸ்பத்திரில குடுத்தாங்களே, அந்த சுத்தமான மருந்த மொதல்லயே வாங்கியாந்து குடுத்திருந்தா மன்சன் பொழைச்சிருப்பாரு, இல்ல?"

அந்த மருந்தும் யாரையும் பிழைக்கவைக்காது என்று சொன்னால், அடுத்த கேள்வி என்மேல் வரும். "ஆமாம்மா" என்றேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

இப்போதும் திருவொற்றியூர் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் அதிலிருந்துதான் தொடங்குகிறார்: "சுத்தமான மருந்தக் குடுக்காம வுட்டுட்டேனே கண்ணு." நான் காய்கறிப் பையோடு நின்று தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.