பின்லாந்து பார்த்த வகுப்பு

இன்று மதுரை ஆரப்பாளையத்தில் பேரையூர் பஸ் ஏறினால், பக்கத்து இருக்கையில் என் நண்பன். பேரையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மாப்ள, கம்ப்யூட்டர் லேப் வந்துருச்சா?"

"அம்புட்டும் போச்சு மாப்ள."

பின்லாந்துப் பள்ளி ஒன்று இவன் பள்ளிக்குக் கணினி ஆய்வகம் அமைத்துத் தருவதாக இருந்தது. அதற்குமுன் பிள்ளைகளோடு வீடியோவில் பேசக் கேட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது என்று, தலைமையாசிரியர் மதுரைத் தனியார் பள்ளியிலிருந்து பத்துப் பேரை வேனில் வரவழைத்து, தம் பள்ளிச் சீருடையை மாட்டி உட்கார வைத்தார். சொந்தப் பிள்ளைகள் அதுவரை சைக்கிள் கொட்டகையில் வாய்பொத்தி இருந்தார்கள்.

"இன்னைக்கு மெயில் வந்துச்சு. உங்க பிள்ளைக பிரமாதம், உங்களுக்கு எங்க உதவி தேவையில்ல, இன்னும் பின்தங்கின பள்ளிக்கூடத்துக்குக் குடுக்குறோம்னுட்டாங்க."

"உண்மையச் சொல்லிற வேண்டியதுதான?"

"யாரு சொல்றது? எச்.எம். அந்த மெயிலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடச் சொல்லிட்டாரு. பிள்ளைக தினமும் கேக்குதுக, எப்ப சார் கம்ப்யூட்டர் வரும்னு."

சட்டம் போட்டு வரப்போகும் பாராட்டை எங்கே மாட்டுவது என்பதுதான் இப்போது பள்ளியின் பிரச்சினை. ஆய்வகத்துக்காக வெள்ளையடித்த அறையில் நான்கு சுவரும் காலியாக இருக்கின்றன. எந்தச் சுவர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.