உள்ளங்கால் அரிப்பைக் கேட்ட பாத்திமா

சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போயிருந்தேன். கீழ்க்கட்டளையில் பாத்திமாவின் லேப் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "தெரியாதாம்மா? பாத்திமாக்கா நேத்து தவறிட்டாங்க. நெஞ்சுவலி" என்றார். பசி போன இடம் தெரியவில்லை.

அவரிடம் கை நீட்டிய உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஊசி ஏறுவதே தெரியாமல் பேச்சுக் கொடுப்பார். என் மகள் கவிதா கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து முதல் தடவை உண்டாகியிருந்த சமயம். எட்டாம் மாதம் அழைத்துப் போனேன்.

"மாமியார் நல்லா பாத்துக்கறாங்களா? அம்மா பக்கத்துல இருக்காங்க, தைரியமா சொல்லு" என்றார் பாத்திமா. கவிதா சிரித்தாள். ஆனால் உள்ளங்காலை நாற்காலிக் காலில் தேய்த்தபடியே இருந்தாள்.

"இன்னா பாப்பா, கால் அரிக்குதா?"

"கையும்தான்க்கா. ராத்திரி தூக்கமே இல்ல."

நான் பெருமையாகக் குறுக்கே புகுந்தேன். "புள்ளைக்கு முடி முளைக்குது, அதான் அரிக்குது. எங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாம் முடியோடதான் பொறக்கும்."

"வயித்துல அரிச்சா சரிக்கா. உங்க பேரன் உள்ளங்கால்லயா உக்காந்திருக்கான்?"

எங்களைச் சிரிக்க வைத்துவிட்டு, உடனே டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் ஈரலுக்கு ரத்தம் பார்க்கச் சொன்னார். மாசமாக இருக்கும்போது சிலருக்குப் பித்தநீர் சரியாக வடியாமல் ரத்தத்தில் சேருமாம். தாய்க்கு அரிப்பு, வயிற்றுப் பிள்ளைக்கு உயிராபத்துகூட வரலாமாம்.

முதலில் வந்த ரிசல்ட் நன்றாக இருந்தது. கேசரி கிளறிக் கொண்டுபோனேன். பாத்திமா வாங்கி ஓரமாக வைத்தார். "ஒண்ணு நல்லா வந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமில்லக்கா. பித்த அமிலம் பாக்க பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கு. அது வரட்டும்."

அது அதிகமாக வந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, லேபை மூடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கவிதாவின் கையைப் பிடித்து, "தெரிஞ்சுபோச்சுல்ல, இனிமே டாக்டர் பாத்துப்பாங்க. புள்ள அசைவு கொறைஞ்சா மட்டும் வூட்ல நிக்காத, ஓடு" என்றார். அதன்பின் ரத்தம் எடுக்கும்போதெல்லாம் கவிதாவை வம்புக்கு இழுத்து, அவளிடம் வசவு வாங்கியே அவள் அழுகையை நிறுத்தினார்.

டாக்டர் நாள் நெருங்கும் முன்பே பிரசவம் பார்த்தார். பேத்தி பிறந்தாள். பார்க்க வந்த பாத்திமா மொட்டைத் தலையைத் தடவி, "எங்கக்கா அந்த முடி?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

கவிதா இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். "அடுத்த தடவையும் இது வரலாம்க்கா. மொதல்லயே சொல்லிடுங்க" என்று அன்றே சொல்லியிருந்தார். துக்கத்துக்குப் போய்வந்த மறுவாரம் தாம்பரத்தில் புது டாக்டரிடம் போனோம். ஐந்தாவது படித்தவள் நான், டாக்டர் முன்னால் தலையாட்டியே பழக்கம். அன்று கவிதா உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்: "போன தடவை இவளுக்கு ஈரல்ல கோளாறு டாக்டர். பித்த அமிலம் ஏறிப்போச்சு. இந்தத் தடவையும் பாக்கணும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். "நல்ல வேளை சொன்னீங்கம்மா."

பாத்திமாவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த வாயைத்தான்.