துரை பெயரும் என் வலது கையும்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். மருந்து கம்பெனி லேபில் வேலை, எந்த நாற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று சாதிக்கிற ஆள். நீங்களும் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

எண்பதுகளில், நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கிய புதிது. என் பெயர் சாமுவேல் பெம்பர்டன். இந்தக் கறுப்பு முகத்துக்கு இப்படியொரு வெள்ளைக்காரப் பெயரா என்று ஆபீஸில் கேட்காதவர் இல்லை. கொள்ளுத்தாத்தா ஒரு இங்கிலீஷ் துரை என்று எல்லாரிடமும் அளந்துவைத்திருந்தேன். உண்மையில் எனக்கு ஒன்றுமே தெரியாது, கேட்டால் அப்பா எழுந்து போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் ஷீலா ஸ்கூலுக்காக வம்சாவளி சார்ட் வரைந்துகொண்டிருந்தாள்.

"டாட், ஹூ வாஸ் தி ஃபர்ஸ்ட் பெம்பர்டன்?"

"பெரிய துரைன்னு எழுதும்மா. எஸ்டேட் வெச்சிருந்தார்."

சொல்லி வாய் மூடவில்லை, சுண்ணாம்பும் அழுகின மாமிசமும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஃப்ரிட்ஜ், குப்பைத்தொட்டி, பேஸ்மென்ட் எல்லாம் தேடினேன், ஒரு செத்த எலிகூட இல்லை.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலியேங்க" என்றாள் மனைவி எஸ்தர்.

கடைசியில் என் வலது கையை முகர்ந்தேன். நம்பினால் நம்புங்கள், சிங்க்கிலேயே வாந்தி எடுத்தேன். எத்தனை சோப்பு போட்டாலும் போகவில்லை, அந்தக் கையால் சோறு பிசையவே அருவருப்பாக இருந்தது. சாயங்காலம் தானாகவே போய்விட்டது. அதற்குப்பிறகு துரை கதையைச் சொன்ன போதெல்லாம் வந்தது.

பொறுக்கமாட்டாமல் கொள்ளுத்தாத்தா யார் என்று திண்டுக்கல் பெரியப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது.

"தம்பி, உன் கொள்ளுத்தாத்தா மாடசாமி, பெம்பர்டன் துரையோட தோல் பதனிடுற கிடங்குல சுண்ணாம்புத் தொட்டியில ஊறின தோலைச் சுரண்டினவர். ஞானஸ்நானம் எடுத்தப்போ துரை பேரையே வெச்சுக்கிட்டார். அந்தக் கை சுரண்டித்தான் நாம எல்லாரும் படிச்சோம். உங்கப்பனுக்கு அதுல வெட்கம். உனக்குமா?"

அன்றைக்கு எனக்கு நாற்றத்தைவிட என்மேல்தான் அருவருப்பு. அதற்குள் ஷீலாவின் சார்ட் ஸ்கூல் சுவரில் ஏறியிருந்தது. அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, கடிதத்தை பைபிளுக்குள் ஒளித்துவைத்தேன். துரை கதையைச் சொல்வதை மட்டும் நிறுத்தினேன், நாற்றமும் நின்றது. கோழை என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது அவளுக்கே பிள்ளைகள். போன கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் தன் மகனிடம் அந்தப் பெரிய துரையின் எஸ்டேட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். முகம் சுளித்தது. வலது கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.