786-உம் நான்கு ஹிஸ்டோகிராம்களும்

புள்ளியியல் மூன்றாம் ஆண்டின் கடைசி பிராக்டிகல் தேர்வில் நான் காப்பியடித்ததாகச் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அடுத்தவள் ஸ்லேட்டை எட்டிப் பார்க்காதவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்த நேரத்தில் ஒரு கெட்ட பெயர் வந்திருந்தால் மதிப்பெண்ணோடு போயிருக்காது. அத்தா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஊரில் எங்களுக்குப் பெரியவர் என்றால் பெரியத்தாதான், அத்தாவின் அண்ணன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு மேல்படிப்பு என்று சவூதி மாப்பிள்ளை ஒருவரைக் கைவசம் வைத்திருந்தார். அத்தா போனில் ஒரு சமாதானம் பேசி முடித்தார்: "டிகிரி முடியட்டும்ணே. காலேஜ்லேருந்து ஒரு குறையும் வரலைன்னா எம்.எஸ்ஸி சேர்த்துருவோம். ஏதாச்சும் வந்துச்சுன்னா நீங்க சொல்றதுதான்." மூன்று வருடம் நான் நடந்தது அந்தக் கயிற்றின் மேல்தான்.

தேர்வில் கேட்டது இது. யாரையும் எதையும் அளக்காமல் கணினியையே எண்களை உருவாக்கச் சொல்லவேண்டும். அவற்றை இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பத்துப் பத்தாக, முப்பது முப்பதாக எடுத்துச் சராசரி கண்டு, நான்கு ஹிஸ்டோகிராம்களை, அதாவது பட்டைப் படங்களை, ஒரே தாளில் வரையவேண்டும். முதல் படம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். நான்காவதற்கு வரும்போது களத்தில் கொட்டிய நெல் மாதிரி நடுவில் குவிந்து நிற்கும். அதற்கு எழுதும் கணினி நிரல் எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு மதிப்பெண்.

இரண்டு செக்‌ஷனுக்கும் பாடம் எடுத்த எங்கள் மேம் அதை மூன்றே வரியில் சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் வரியில் ஒரு தொடக்க எண். இரண்டாவதில் தாளை நான்கு கட்டமாகப் பிரிப்பது. மூன்றாவதில் ஒரே சுற்று, நான்கு படமும் அதற்குள் அடக்கம். தொடக்க எண் எதற்கென்றால், ஒரே எண்ணைக் கொடுத்தால் கணினி அதே எண்களை அதே வரிசையில் திரும்பத் தரும். எத்தனை தடவை ஓட்டினாலும் படம் மாறாது. "அவங்கவங்களுக்குப் பிடிச்ச எண்ணைப் போடுங்கம்மா" என்று மேம் சொல்லியிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. 786 என்று போட்டேன். இறைவன் பெயரால் தொடங்குகிறோம் என்பதற்கு எங்கள் வீடுகளில் எழுதுகிற எண் அது. கல்யாணப் பத்திரிகையின் தலையில் இருக்கும், கடைப் பலகையில் இருக்கும், என் மாமா மகன் காசு கொடுத்து வாங்கிய பைக் நம்பரிலும் இருக்கும்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், இரண்டை மட்டும் உருவி எடுத்தார். என்னையும், எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவளையும் கூப்பிட்டார். அவள் வேறு செக்‌ஷன், பாபநாசம் பக்கத்துப் பெண். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"யாரைப் பார்த்து யாரும்மா போட்டது? நாலு படத்துலயும் ஒரு பட்டை கூட மாறலையே!"

"நான் இல்ல சார். பின்னாடி உட்கார்ந்திருந்தது இவதான்" என்றேன் பட்டென்று.

அவளும் சளைத்தவளில்லை. "இவ தலை மறைச்சதுல எனக்கு போர்டே தெரியல சார். ஸ்க்ரீன் எங்கேருந்து தெரியும்?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார். "ப்ரோக்ராம் ஒண்ணா இருக்கு, சரி. மூணு வரியில எழுதுனா யார் எழுதுனாலும் ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா இந்த எண்? ஆயிரம் எண் கிடக்கையில ரெண்டு பேருக்கும் எழுநூத்தி எண்பத்தாறா? எங்கிட்டயேவா?"

அப்போதுதான் அவள் தாளின் முதல் வரியைப் பார்த்தேன். அடிப்பாவி, நீயுமா! சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. புகார் எழுதினால் வீட்டுக்குக் கடிதம் போகும். பெரியத்தா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவது கண்ணுக்குத் தெரிந்தது.

பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் வேலை செய்யும். "சார், ஆயிரம் எண்ணும் சமமா வரும்னு நீங்களா வச்சுக்கிறீங்க. கம்ப்யூட்டர் அப்படி எடுக்கும். மனுசங்க எடுக்க மாட்டாங்க சார். இது எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் எதை ஆரம்பிச்சாலும் எழுதுற எண். கட்டுல மத்தவங்க தாளையும் பாருங்க. நூத்தியெட்டு ரெண்டு மூணாச்சும் இல்லைன்னா என் பேரை எழுதிக்கிட்டுப் போங்க."

தேர்வாளருக்குப் பக்கத்தில் நின்றிருந்த மேம் என்னை முறைத்தார். தேர்வாளர் கட்டைப் பிரித்தார். ஏதேதோ எண்கள் வந்தன. யாரோ பிறந்த தேதியைப் போட்டிருந்தார்கள். யா அல்லாஹ், ஒன்றாவது வரட்டும்! பிறகு ஒரு 108 வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அடியில் மூன்றாவதும் கிடைத்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒருத்தி நீலமும் ஒருத்தி பச்சையும் ஒருத்தி ரோஸும் பூசியிருந்ததால் முதலில் அவர் கண்ணுக்குத் தப்பியிருந்தது. நிறத்தை விட்டால் பட்டைக்குப் பட்டை ஒன்றே. மூன்று பேரும் லேபின் மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உட்காருங்க. நான் சொல்ற எண்ணைப் போட்டு என் கண்ணு முன்னாடி ஓட்டுங்க. நாலு இல்ல, ஆறு படம்."

ஆளுக்கொரு எண் கொடுத்தார். கட்டங்களை ஆறாக்கினேன், சுற்றுக்குள் இரண்டு எண்ணைச் சேர்த்தேன். வேலை அவ்வளவுதான், மூன்று வரி மூன்று வரியாகவே இருந்தது. ஆறு படமும் விழுந்தன. பின்னால் அவளுக்கும் ஆறு விழுந்தன, வேறு மாதிரி. அவர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று இறைவனைப் புகழ்ந்தோம் இருவரும் ஒரே மூச்சில்.

"அதுவும் ஒண்ணாத்தானா?" என்று அவர் சிரித்துவிட்டார்.

அப்பாடா! வெளியே வந்தோம். அவளும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தோம், கொஞ்சம் அழுதோம், மறுபடி சிரித்தோம். "உன் தலை நெசமாவே பெருசுதான்" என்றாள். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு வரை சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம்.

திருப்பனந்தாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா போன் செய்தார்.

"முடிஞ்சுதாடி?"

"முடிஞ்சுதும்மா."

"குறை ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா."

பெரியத்தா எதிரில் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு, பெரியத்தா இருமுவது போனில் பக்கத்திலேயே கேட்க, அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"அப்ப எம்.எஸ்ஸிக்கு என்னைக்குடி விண்ணப்பம் குடுக்குறாங்க?"