அத்தையைப் பட்டினி போட்ட அறிவு

போன வருஷம் ஆடித் தபசு முடிந்து, சங்கரன்கோவில் கூட்டமெல்லாம் கலைந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வாரம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து என் மாமியார் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். எழுபது தாண்டியவர், சர்க்கரை நோய் உண்டு. நான் அவரை அத்தை என்பேன். மாப்பிள்ளை சொன்னதற்கு மறுபேச்சுப் பேசக் கூடாது என்பது அவர் பழகி வந்த மரியாதை. மற்றபடி எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு அப்படியொரு மதிப்பு கிடையாது. அதனால் அத்தை வந்தால் நான் கொஞ்சம் உயரமாகிவிடுவேன்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டு எழுந்ததும் தாடையும் தோளும் வலிப்பதாகச் சொன்னார். நெஞ்சுவலி இல்லை. ஆனால் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தும் வேர்த்தது. கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டார். மண் பூசினால் வலி போகுமா என்று நான் சிரித்துவிட்டு, அறிவியலின் பிரதிநிதியாக ஆட்டோ பிடித்து அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதுவரை என் நடத்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டாக்டரம்மா ஈசிஜி எடுத்தார். “இதுல பெருசா ஒண்ணும் தெரியல. ஆனா வயசானவங்களுக்கு, அதுவும் சுகர் இருந்தா, ஹார்ட் பிரச்சினை சத்தம் காட்டாம வரும். ஒரு ரத்த டெஸ்ட் எழுதியிருக்கேன். இதயத் தசைக்குப் பாதிப்பு இருந்தா அதுல தெரிஞ்சிரும். உடனே எடுத்து ரிசல்ட்டோட வாங்க” என்றார்.

பரிசோதனை நிலையம் அடுத்த தெருவில் இருந்தது. அங்கே காத்திருந்தவர்களில் ஒரு அண்ணாச்சி, சர்க்கரை பார்க்க வந்தவர், தேநீர் குடித்துவிட்டு வந்ததாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வெறும் வயிற்றில் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும் என்று ஆரம்பித்து, நான் படித்த மருத்துவக் கட்டுரைகளையெல்லாம் அவர் தலையில் கொட்டினேன். “படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். நாளைக்கு வாரேன் சார்” என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அந்த வெற்றியில்தான் எனக்கு உறைத்தது. அத்தை சோறு, குழம்பு, மோர் எல்லாம் சாப்பிட்டல்லவா வந்திருக்கிறார்? எங்கள் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை என்றாலே விடியற்காலையில் வாயைக் கட்டிக்கொண்டு போவதுதான். சர்க்கரைக்கு ஒரு விதி இருந்தால் இதயத்துக்கு இன்னும் கடுமையாகத்தானே இருக்கும்? உள்ளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவ்வளவு நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, எல்லார் முன்னாலும் எப்படிப் போய்ச் சந்தேகம் கேட்பது? “காலையில வருவோம் அத்தை” என்றேன். அவர் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: “ஏங்க, டாக்டரம்மா உடனேன்னுல்ல சொன்னதா சொல்லுதீக?”

“உடனேன்னா தப்பா எடுக்கச் சொன்னதா அர்த்தமில்ல” என்றேன். நல்ல பதிலாகத்தான் அப்போது தோன்றியது.

“மாப்ள சொல்லுதாகல்லா, விடுட்டி” என்றார் அத்தை.

இரவெல்லாம் அவர் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். யாரையும் எழுப்பவில்லை. காலையில் உதடு காய்ந்திருந்தது. மனைவி கொண்டுவந்த தண்ணீரையும் கையால் தள்ளினார்.

ரத்தம் கொடுத்து, முடிவு வந்ததும் டாக்டரிடம் போனோம். தாளைப் பார்த்ததும் டாக்டரம்மா எழுந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அத்தைக்கு மாத்திரை கொடுத்தார். “நாக்கு இப்படி வறண்டு கெடக்கே. காலையில என்ன சாப்ட்டீங்க?”

“பச்சத்தண்ணி குடிக்கல டாக்டரம்மா. வெறும் வயித்துல...”

“இந்த டெஸ்ட்டுக்கு யாரு பட்டினியா வரச் சொன்னா? சாப்ட்டாலும் எடுக்கலாமே. நேத்து நீங்க வருவீங்கன்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன்.”

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார். “நானா அப்படி நெனச்சுக்கிட்டேன். மாப்ள அப்பவே எடுக்கணும்னுதான் சொன்னாக. நாந்தான் கேக்கல” என்றார்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்த வயசுல என்ன பிடிவாதம்? பாவம், அவரு எவ்வளவு அலையிறாரு” என்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த மனுஷியைத் திட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். ஆமாம், பிடிவாதம்தான் என்பது போல.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டதாம். முந்தின நாளே வந்திருந்தால் அது தப்பியிருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். வயலுக்கும் கோவிலுக்கும் நடந்தே போய்வந்தவர் இப்போது அடுக்களையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நடுவில் ஒரு தடவை நின்றுகொள்கிறார்.

அவர் வீடு திரும்பியதும் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அத்தை அதே பொய்யை இன்னும் மெருகேற்றிச் சொன்னார். “மாப்ள மட்டும் தரதரன்னு இழுத்துட்டுப் போகலன்னா நான் இல்ல.” எல்லோரும் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். மனைவி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாங்க முடியவில்லை. “அப்படி இல்ல. நான்தான் சாப்பிட்டுட்டு எடுக்கக் கூடாதுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். தப்பு என்மேலதான்” என்று சொல்லிவிட்டேன்.

என் மாமனாரின் தம்பி, கண் கலங்க, “பாத்தியளா, பெரிய மனுசி பேரு கெடக் கூடாதுன்னு பழியத் தம்மேல போட்டுக்கிடுதாக. இப்படி ஒரு மாப்ள யாருக்குக் கெடைக்கும்?” என்றார்.

அத்தை ஆமாம் என்று தலையசைத்தார்.

எனக்குத் தெரியவில்லை என்பதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை கேட்க முடியாத என் கௌரவத்துக்கு, அந்த மனுஷி தன் இதயத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு இன்னமும் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாரே, அதுதான் அவர் நடுவழியில் நின்று மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.